ரப்பர் துணி காணாமல் போன பத்து நாள்

எங்கள் வீட்டில் ஒரு ரப்பர் துணி இருந்தது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். தனக்குப் பின்னால் தம்பியோ தங்கையோ பிறந்த எவரும் அதை மறந்திருக்க முடியாது. செங்கல் நிறம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நெசவு தெரியும். கைக்குழந்தைக்கு அடியில் விரிப்பார்கள். குழந்தை தன் கடமையைச் செய்ததும் கழுவிக் கொடியில் போடுவார்கள். வெயில் ஏற ஏற அதிலிருந்து கிளம்பும் வாசனைக்கு இன்றுவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

எங்களுடையது தம்பிக்காக வாங்கியது. ஒரு மூலையில் ஓட்டை விழுந்து, அப்பா சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருந்தார். ஒட்டு மாங்காய் வடிவத்தில் இருந்தது. ஏன் மாங்காய் என்று கேட்டேன். கத்தி அப்படிப் போய்விட்டது என்றார். அப்பா டேனரி என்கிற தோல் பதனிடும் ஆலையில் தோல் சீவுகிறவர். கத்தியை அப்படியெல்லாம் போகவிடுகிற ஆள் இல்லை. என் சந்தேகக் குணம் அன்றைக்குத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போதும் அது என்னை விடவில்லை. மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்ப்பேன், டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடியும் சீட்டைப் பார்ப்பேன். என்னை நடுவயதுக்காரி என்று நானே சொல்லிக்கொள்கிறேன்; அதையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஆகவே பரிசுத்த ஆவியின் பெலனைப் பெற என்னை நானே ஆயத்தம் செய்துகொண்ட கதையை நான் எழுதினால், சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் படிக்கலாம். எனக்கு அப்போது வயது ஒன்பது.

ஆம்பூருக்குச் சற்றுத் தள்ளி, பாலாற்றங்கரையில் ஒரு டேனரி. அதை ஒட்டி வேலையாட்களுக்கான லைன் வீடுகள். அதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று அதிகம். டவுனில் பெரிய கோயில் இருந்தது. அங்கே ஆர்கன் இருக்கிறது, பெலன் இல்லை என்று சொல்லிப் பிரிந்து வந்தவர்கள் நாங்கள். எங்களிடம் ஆர்கனும் இல்லை. முதலாளி பாய் பெரிய மனது பண்ணி, பழைய பட்டைக் கிடங்கைக் கூட்டம் நடத்தக் கொடுத்திருந்தார். தோல் பதனிட ஆவாரம்பட்டையை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்த இடம். மூட்டைகள் போய்விட்டன, தூசி போகவில்லை. கைதட்டிப் பாடினால் கூரையிலிருந்து பழுப்பாக இறங்கும். எங்கள் பாட்டில் சரணத்துக்குச் சரணம் தும்மல் உண்டு.

அந்தக் கோடையில் தங்கவயலிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். ஒல்லியான மனிதர். அவர் சாப்பிடாததைப் பற்றி லைனில் நிறையப் பேச்சு. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எழுதப்போவதாக நீங்கள் எதிர்பார்த்தால், மன்னிக்கவும். நான் தேடிய அளவுக்கு யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அவர் சொன்னது எளிமையானது. ஆண்டவர் பரமேறிய பிறகு சீஷர்கள் பத்து நாள் ஒரே இடத்தில் காத்திருந்தார்கள். பத்தாம் நாள் பெலன் இறங்கியது; தாங்கள் கற்காத பாஷைகளில் பேசினார்கள். நீங்களும் பத்து நாள் காத்திருங்கள்.

"பெலன கேட்டு கேட்டு வாங்க வேணாம். அது வர்றதுக்குக் காத்துக்கினுதான் இருக்கு. நீங்க எடம் பண்ணுங்க, போதும். நெறஞ்ச குடத்துல யாரு ஊத்துவாங்க?"

இடம் பண்ணுவதற்கு நான்கு காரியம் சொன்னார். பாவத்தை அறிக்கை செய்வது. மனத்தாங்கல் உள்ளவர்களோடு ஒப்புரவாவது. அடுத்தவர் பொருள் கையில் இருந்தால் திருப்பிக் கொடுப்பது. கடைசியாக, பத்தாம் நாள் வெள்ளை உடுத்தி வெறுமையாக வந்து நிற்பது. மத்தியான உபவாசம் தனி.

ஒப்புரவு இரண்டாம் நாளே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா வந்தார். அம்மாவுக்கு உயிர்த்தோழி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க மன்னிக்கணும்."

"இன்னாடி?"

"ஆறு வருசமா உங்கள ஊசிப்பட்டாசுன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

அம்மாவுக்கு அதுவரை தெரியாது. "யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

அம்மா மன்னித்தாள். கட்டிப்பிடித்து இருவரும் அழுதார்கள். அழுகை அடங்கியதும் அம்மா கேட்டாள்: "எல்லார்கிட்டயும்னா யார் யாருன்னு சொல்லு. சிரிச்சவங்களையும் நான் மன்னிக்கணுமில்ல."

இப்படியே ஐந்து நாள். அதுவரை ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருந்த லைன், அறிக்கைகளால் விழித்துக்கொண்டது. யார் வீட்டுக் கோழியை யார் அடித்தது, யார் குழந்தைக்கு யார் என்ன பெயர் வைத்தது எல்லாம் வெளியே வந்தது. மன்னிக்கிறவர் முகத்தைவிட, மன்னிப்புக் கேட்டவர் திரும்பிப் போகும்போது அவர் முதுகைப் பார்க்கிற முகம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தப் பத்து நாளில் பெலன் யாருக்கு மிக அவசியமாக இருந்ததென்றால், என் அத்தைக்கு. அப்பாவின் தங்கை. இருபது தாண்டியவள். டேனரியில் பட்டை இடிக்கிற வேலை. அவளை, பட்டைத் தண்ணீரில் தோல் ஊறும் குழிகளின் மேஸ்திரிக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. மேஸ்திரி எங்கள் சபைக்கு மூப்பர், மனைவியை இழந்தவர். தடித்த விரல்கள், உரத்த குரல். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"அவருக்கு இன்னா கொறச்சல்?" என்பாள் அம்மா. "ரெண்டு பசங்க, ஒரு எருமை, சபையில மூப்பரு."

"எருமைக்கு வேணா வாக்கப்பட்டுப் போறேன் அண்ணி."

பிரசங்கியார் வந்த மூன்றாம் நாள் அத்தை அப்பாவிடம் போய் நின்றாள். தங்கவயலில் பெண்களுக்கு ஊழியப் பயிற்சி கொடுக்கிறார்கள், பெலன் பெற்றவர்களைத்தான் சேர்ப்பார்கள், நான் போகவேண்டும் என்றாள். அப்பா நியாயஸ்தர். நியாயஸ்தர்கள் எல்லாவற்றையும் பரீட்சையாக்கிவிடுவார்கள்.

"பத்தாம் நாளுக்குள்ள ஒனக்குப் பெலன் வந்தா தங்கவயலு. வரலன்னா மேஸ்திரி. அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

அம்மா அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். "அத்தை கூடவே இரு. நெஜமா வருதா, இவளா வரவெச்சிக்கிறாளான்னு பாத்து சொல்லு."

வேவு பார்ப்பதற்கும் அபிஷேகத்துக்குக் காத்திருப்பதற்கும் ஒரே ஆள் நான். இரண்டையும் மனப்பூர்வமாகச் செய்தேன். வெல்லத்தை விட்டேன். பாவங்களைச் சிலேட்டில் எழுதி, தம்பி படித்துவிடுவானோ என்று அழித்து, அழித்ததும் மறந்துபோய், மறுபடி புதிதாகச் சில செய்து எழுதினேன். எனக்குத் தேவைப்பட்ட பெலன், அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பெலன். பிரசங்கியாரிடம் கேட்டேன். "அது ஆண்டவருக்கே பாரமா இருக்கிற வேல பாப்பா. வேற ஏதாச்சும் கேளு" என்றார்.

அத்தை விடிந்ததும் ஆற்றுக்குப் போவாள். பாலாற்றில் எப்போது தண்ணீர் இருந்தது? மணலைத் தோண்டினால் ஊற்று. அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். உதடுகூட அசையாது. நான் தாழம்புதருக்குப் பின்னால். வேவு தொடங்கிய இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"வா, மறவுல நின்னா ஒனக்குத்தான் முள்ளு குத்தும்."

போய் உட்கார்ந்தேன். "ஜெபம் பண்ணலியா அத்தை?"

"காலி பண்ணிக்கினு இருக்கேன்."

"எத?"

"அதான் தெரில. மேஸ்திரி வேணாங்கிறத எடுத்து வெளிய போட்டா, அடியில தங்கவயலு ஆசை கீது. அத எடுத்தா அண்ணி மேல கோவம். அதையும் எடுத்தா இன்னா இருக்கும்னு பயமா கீது."

அம்மாவிடம் போய், அத்தை காலி பண்ணுகிறாள் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது போதவில்லை.

ஏழாம் நாள் வந்தது. வெள்ளை உடுப்புகளை மூன்று நாள் முன்பே பிரித்து வைக்கவேண்டும் என்றார் பிரசங்கியார். அவரவர் வீட்டில் வைத்தால் அவரவர் நினைப்பு அதில் ஒட்டும். ஒரே இடத்தில், ஒரே பூட்டுக்குள் இருக்கட்டும். மேஸ்திரி டேனரியிலிருந்து ஒரு பெரிய இரும்புப் பெட்டியைத் தூக்கிவரச் செய்தார். உள்ளே துரு. சாவி அவரிடம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், தோல் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டைத் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். மை போலக் கறுக்கும். ஒரு ஆணி விழுந்தால் ஒரு தோல் பாழ். இதே மேஸ்திரி, குழிக்கு வருகிறவர்களின் இடுப்பு மடியைத் தடவிப் பார்ப்பார். சாவிக்கொத்தோடு வந்தவனை அந்த உரத்த குரலில் ஓட ஓட விரட்டுவார். அப்படிப்பட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து, கிணற்றடியில் பாதி காய்ந்த வெள்ளைத் துணிகளை, பட்டைத் தூசி பறக்கிற கிடங்கில், துருப்பிடித்த இரும்புப் பெட்டிக்குள் ஸ்தோத்திரம் சொல்லி வைத்தார்கள். டேனரி நினைப்பை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள் என்று பிரசங்கியார் சொல்லியிருந்தார். விட்டுவிட்டார்கள். கீழ்ப்படிவது என்று இறங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

அத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னாள். "அண்ணி, இரும்புப் பொட்டி வேணாமே. கறுத்துடும்."

"மூணு நாளைக்கு ஆண்டவரு பாத்துக்க மாட்டாரா? இதான் ஒன் விசுவாசமா?"

அதன் பிறகு அத்தை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போனாள். கொடியிலிருந்த ரப்பர் துணியை உருவி, தன் வெள்ளை வாயில் சேலையை அதற்குள் வைத்து, நாலாக மடித்து, மாங்காய் ஒட்டு உள்பக்கம் போகிற மாதிரிச் சுற்றினாள். அதன் மேல் ஒரு பழைய துண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணிகிட்ட சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன்."

"சரி. கேட்டா சொல்லு" என்றாள். அப்படிச் சொல்லாமல் கெஞ்சியிருந்தால் நான் அன்றே சொல்லியிருப்பேன்.

எட்டாம் நாள் மத்தியானம் கோடை மழை. பட்டைக் கிடங்குக் கூரை ஒழுகும். அன்றைக்கே அம்மா ரப்பர் துணியைத் தேடத் தொடங்கினாள். தம்பிக்கு வயிற்றுப்போக்கு. வீடு முழுக்கப் புரட்டினாள். கடைசியில் எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"அவதான். எல்லாத்தையும் அறிக்கை பண்ணா பாரு, இத மட்டும் வுட்டுட்டா."

என்னைக் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும். நானும் என் மனசாட்சியும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம்வரை யாருக்கும் பெலன் வரவில்லை. பிரசங்கியாரின் குரல் கம்மிவிட்டது. பழைய காலத்தில் ஒரு சேனை தோற்றுப்போன கதையைச் சொன்னார். ஒருவன் தன்னுடையதல்லாத பொருளை எடுத்துத் தன் கூடாரத்துக்கு அடியில் மறைத்து வைத்தான். அவன் ஒருவனால் எல்லாருக்கும் தோல்வி. மறைத்து வைத்தவன் கையை உயர்த்தினால் அந்தக் கையில் பெலன் இறங்காது என்றார். ஒருவரும் பின்னால் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் ஓரத்துக்குப் போனதை நான் பார்த்தேன். அம்மாவின் கண் எதிர்வீட்டு அக்கா மேல். அக்காவின் கண் அத்தை மேல். அத்தை கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணைத்தான் என்னால் நம்பவே முடிந்ததில்லை.

பத்தாம் நாள் விடியலில் எல்லாரும் கிடங்குக்குப் போனோம். மேஸ்திரி எங்களுக்கு முன்பே வந்து தரையைப் பெருக்கி முடித்திருந்தார். இராப்போஜன ஆராதனை நாட்களில் மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். மழைக்குப் பிந்தைய புழுக்கம். வியர்வை காதிலிருந்து சொட்டியது. மாப்பிள்ளை முறுக்கு என்று எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் கிசுகிசுத்தார். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பெட்டியைத் திறந்தார்.

முதலில் எடுத்தது அப்பாவின் வேட்டி. மடிப்புக்கு மடிப்பு கருநீலத் திட்டு. அடுத்தது அம்மாவின் சேலை; முந்தானை முழுக்க மையைக் கவிழ்த்தது மாதிரி. எதிர்வீட்டு அக்காவுடையது, மேஸ்திரியின் சட்டை, பிரசங்கியாரின் அங்கி. ஒன்றுகூடத் தப்பவில்லை. டேனரிக்காரர்களுக்குப் பார்த்த நொடியில் புரிந்துவிட்டது. அப்பாவின் வாய் "இரும்பு" என்று சொல்லத் திறந்து மூடிக்கொண்டது. சொன்னால், தெரிந்தே வைத்தாயா என்ற கேள்வி வரும்.

எல்லாவற்றுக்கும் கீழே, அந்தப் பழைய துண்டு. பிரசங்கியார் அதைப் பிரித்தார். அத்தையின் சேலை. வெள்ளை. கொக்கின் முதுகு மாதிரி வெள்ளை.

ரப்பர் துணி இல்லை.

நான் எட்டிப் பெட்டிக்குள் பார்த்தேன். துருவும் ஈரமும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

பிரசங்கியார் அந்தச் சேலையை ஏந்திக்கொண்டு அழுதார். அவர் அழுதது நிஜம். அம்மா மட்டும் அசையவில்லை.

"அதெப்பிடி ஐயா? ஒரே பொட்டி. எங்க எல்லாத்துதும் கறுக்கும், இவளுது மட்டும் கறுக்காதா?"

லைன்காரர்கள் தலையாட்டினார்கள். கறைதான் பாவத்தின் அடையாளம் என்றால் அங்கே அத்தனை பேரும் பாவிகள். அதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனமில்லை. கறைபடாதவள் ஏதோ செய்திருக்கிறாள் என்பது வசதியாக இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீதான கூடவே இருந்த. இவ எதுலனா சுத்தி வெச்சாளா?"

கேட்டுவிட்டாள். கேட்டால் சொல்வதாக இருந்தவள் நான். அத்தை என்னைப் பார்க்கவில்லை. வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன். "துண்டுலதான் சுத்துச்சு."

ஒன்பது நாள் உபவாசமிருந்து, வெல்லத்தை விட்டு, சிலேட்டில் பாவக்கணக்கு எழுதியவள், பெலன் இறங்க வேண்டிய நேரத்தில், இறங்க வேண்டிய இடத்தில் நின்று பொய் சொன்னேன். பெலன் எனக்காக வந்துகொண்டிருந்தால், வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கும். அதற்குப் பிறகு நானும் அதை அழைக்கவில்லை.

அத்தை அப்படியே முழங்காலில் விழுந்தாள். அவள் வாயிலிருந்து ஏதோ ஒரு பாஷை வந்தது. தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு ஊற்றில் ஏறுவது போல, முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு நிற்காமல். பாய் வீட்டில் கற்ற உருதுவாக இருக்கும் என்று அம்மா கடைசிவரை சந்தேகப்பட்டாள். முதலாளி வீட்டு அம்மாளிடம் போய்க் கேட்கவும் கேட்டாள். "நம்ம பாஷை இல்லம்மா அது. எனக்கே கேட்டுக்கினு இருந்தப்ப மேலெல்லாம் ஒரு மாதிரி ஆச்சு" என்றார் அந்த அம்மாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்.

அப்பா வாக்குத் தவறவில்லை. அடுத்த வாரம் அத்தை தங்கவயலுக்கு ரயில் ஏறினாள்.

மேஸ்திரி மூப்பர் பதவியை விட்டுவிட்டார். கூட்டத்துக்கு வருவார், கதவோரமாகச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். எல்லாரும் கையை உயர்த்தித் துதிக்கும்போது அவர் கைகள் மடியிலேயே கிடக்கும். பொண்ணு கெடைக்காத பேஜார், ஆண்டவர் மேலேயே காட்டுகிறார் என்றது லைன். அவர் வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பின்வாங்கிப் போனவர் என்று சிறுபிள்ளைகளுக்கு அவரைக் காட்டிச் சொன்னார்கள். காட்டியவர்களில் நானும் உண்டு.

அத்தை நல்ல ஊழியக்காரியாகப் பெயரெடுத்தாள். கலவைப் பக்கம், ஆற்காட்டுப் பக்கம் எல்லாம் போய்ப் பேசினாள். பல வருஷம் கழித்து எங்கள் லைனுக்கே பேச வந்தபோது, அந்தப் பத்தாம் நாளைச் சாட்சியாகச் சொன்னாள். "அவிசுவாசத்துல நான் ஒரு ரப்பர் துணியில சேலையச் சுத்தி வெச்சேன். கர்த்தர் அந்தத் துணிய எடுத்துப்போட்டாரு. சேலைய அவரே காத்தாரு."

கூட்டம் அல்லேலூயா சொன்னது. அம்மா சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்ப என் ரப்பர் துணிய எடுத்தது நீதானா?" என்றாள். அந்தப் பத்தாம் நாளுக்குப் பிறகு அம்மா எதிர்வீட்டு அக்காவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க எதிர்வீட்டுக்குப் போகலாமென்றால், அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெலன் பெற ஆயத்தமானதில் எங்கள் வீட்டுக்கு ஆன செலவு அது.

அப்புறம் அம்மாவும் போனாள். நான் வேலூரில் பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாகி, பாகாயம் பக்கம் குடியேறி, கண்ணாடி போட்டு, பிள்ளைகளின் லீவு லெட்டர்களைச் சந்தேகப்பட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேஸ்திரியின் மருமகள் சொல்லியனுப்பினாள்: மாமா படுத்தபடுக்கையாக இருக்கிறார், உங்களைப் பார்க்கவேண்டுமாம்.

போனேன். மேஸ்திரி பாதியாகியிருந்தார். விரல்கள் மட்டும் அதே தடிமன். மருமகள் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடியில் செங்கல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. ஓரமெல்லாம் வெடித்திருந்தது. மூலையில் மாங்காய் ஒட்டு.

"இன்னா பாக்குற," என்றார். "உங்க வூட்டு சாமான்தான்."

நான் உட்கார்ந்தேன். மருமகள் காபி போடப் போனாள்.

"அன்னிக்கு வெளக்குமாத்த வெச்சிட்டு, சும்மா பொட்டியத் தொறந்து பாத்தேன். எல்லாம் கறுத்துக் கெடக்கு. துண்டப் பிரிச்சா, உங்க அத்தைது மட்டும் இதுல சுத்திக் கீது. அப்பிடியே வுட்டா, துணியப் பாத்துட்டுப் பொண்ணத் திட்டி அனுப்பிடுவாங்க. எனக்குக் கட்டிக் குடுத்துடுவாங்க. சேலையத் துண்டுலயே திரும்ப வெச்சிட்டு, இத எடுத்து உடம்புல சுத்திக்கினேன். மேல கோட்டு."

"உங்களுக்குத்தான அது வேண்டியிருந்தது?"

"என்கிட்டேந்து தப்பிக்கணும்னு ஒரு பொண்ணு பத்து நாளு பட்டினி கெடக்குது. அதுக்கு நான் கொஞ்சம் ஒத்தாச பண்ணக் கூடாதா?"

பெருந்தன்மையா, ரோஷமா, அவருக்கும் அந்தக் கல்யாணம் வேண்டாமா என்று நான் வழக்கம்போல மூன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு மேலே சொன்னார்.

"அப்புறம் கையத் தூக்க முடில. மறச்சி வெச்சவன் கையில எறங்காதுன்னு ஐயா சொன்னாரில்ல. எறங்கலியேன்னு இல்ல. தூக்கறதுக்கே கூச்சமா இருந்துச்சு."

"அம்மாகிட்ட திருப்பிக் குடுத்திருக்கலாமே."

"குடுத்தா உங்க அத்தை சாட்சி இன்னா ஆவறது?"

தன் பெட்டியில் பவுடர் தூவி மடித்து வைத்திருந்தாராம். இப்போது தேவைப்பட்டபோது அவரே எடுத்து விரிக்கச் சொன்னாராம். "நான் போனதும் கழுவிக் குடுக்கச் சொல்லியிருக்கேன். உங்க அம்மாவுக்குக் குடுத்த மாதிரி நெனச்சிக்கோ" என்றார்.

அடுத்த மாதமே போய்விட்டார். மருமகள் வாக்குப்படி கழுவிக் கொடுத்தாள். அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ராணிப்பேட்டையில் ஓய்வாக இருந்த அத்தையைப் பார்க்க பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது நியாயமாகப் பட்டது.

காட்டுவதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு மனுஷி முப்பது வருஷத்துக்கு மேல் எதன் மேல் நின்று பேசினாளோ, அதைச் சுருட்டி என் மடியில் வைத்திருந்தேன். போனதும் மேஸ்திரி இறந்ததைச் சொன்னேன். பிறகு காகிதத்தைப் பிரித்தேன்.

அத்தை அதைத் தொட்டுப் பார்த்தாள். மாங்காய் ஒட்டின் மேல் விரலை ஓட்டினாள். ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"அந்தப் புழுக்கத்துல கழுத்துவரைக்கும் கோட்டு மாட்டிக்கினு ஒரு மனுஷன் நிக்கிறாரு. எனக்குக் கண்ணு இல்லியா?"

"அப்ப சாட்சி?"

"கர்த்தர் எடுத்துப்போட்டாருன்னு சொன்னேன். எடுத்துத்தான் போட்டாரு. யாரு கையாலன்னு யாரும் என்னக் கேக்கலியே. நீ கேட்டா சொல்லியிருப்பேன்."

அப்படியானால் அந்தப் பாஷை? அது கோட்டைப் பார்ப்பதற்கு முன்பா, பார்த்த பிறகா? கேட்க வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"அவரு கடைசிவரைக்கும் கையத் தூக்கல அத்தை. மறச்சி வெச்சவன்னு. தெரியும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கியிருப்பாரு."

அத்தை ரப்பர் துணியை மடிக்கத் தொடங்கினாள். நாலாக மடித்தாள், பிரித்தாள், ஒட்டு உள்பக்கம் போகிற மாதிரி மறுபடி மடித்தாள். எத்தனையோ மேடையில் உயர்ந்த கைகள். பிறகு எழுந்து கட்டிலுக்குப் போய், தன் விரிப்பை ஒரு ஓரமாகத் தூக்கினாள்.

"எடுத்துக்கினு போவாத. இங்கயே இருக்கட்டும். எனக்கும் இனிமே தேவப்படும்."